உங்கள் டிக்கெட் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது?

2024 ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை 5 மணி இருக்கும். சரோஜா அக்கா மும்பை விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். செம்பூர் சேடா நகரில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடம். அக்காவும் அண்ணாச்சியும் காசி, பிரயாகை, கயா என்று ஐந்து நாள் பேக்கேஜில் கிளம்பியிருந்தார்கள். தலைக்கு 38,500 ரூபாய். இரண்டு பேருக்கு 77,000. கயாவில் அப்பா அம்மாவுக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்று அண்ணாச்சி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாராணசியில் மூடுபனி, விமானம் ரத்து, அடுத்து இடம் இருப்பது நாளை மறுநாள்தான் என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்களாம். "செல்வி, இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

நான் மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு டிராவல் ஆபீஸில் 22 வருடம் டிக்கெட் போட்டவள். எத்தனையோ பேருடைய பணம் ஏஜென்டுக்கும் விமான கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதையும், அலைந்து சலித்து அவர்கள் அதை விட்டுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். உழைத்துச் சேர்த்த பணம் அது. அன்று அக்காவுக்குச் சொன்னதையும், அடுத்த இரண்டு மாதம் நாங்கள் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் அப்படியே பின்பற்றலாம்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்

போனில் நான் முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, நீங்களா எதையும் கேன்சல் பண்ணிடாதீங்க." பேக்கேஜ் நடத்தும் தம்பி அதற்குள் அக்காவுக்கு, ஆப்பில் போய் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுங்கள், பணம் சீக்கிரம் வரும் என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் விமான கம்பெனி ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். பயணி ரத்து செய்தால் கேன்சலேஷன் கட்டணம் பிடிப்பார்கள். கணினியில் யார் ரத்து செய்தது என்று பதிவாகிறதோ, அதை வைத்துத்தான் கணக்கு.

இரண்டாவது, ரத்து என்பதை எழுத்தில் வாங்குவது. எஸ்எம்எஸ், ஈமெயில், கவுன்டரில் கொடுக்கும் கடிதம், எதுவானாலும் சரி. ஒன்றும் தரவில்லை என்றால் புறப்பாட்டுப் பலகையில் விமான எண்ணுக்கு நேரே 'ரத்து' என்று காட்டுவதை, நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, 'கிரெடிட் ஷெல்' தருகிறோம், அதாவது பணத்தை எங்களிடமே வரவாக வைத்துக்கொள்கிறோம், பிறகு எப்போது வேண்டுமானாலும் பறக்கலாம் என்றால் உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். பணமா, கிரெடிட்டா என்று தேர்வு செய்யும் உரிமை பயணிக்குத்தான் என்று டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விதியிலேயே சொல்லியிருக்கிறது.

ரீஃபண்ட் வேறு, இழப்பீடு வேறு

இதை மட்டும் தயவுசெய்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் தம்பி மறுநாள் அக்காவிடம் சொன்னது: "பனி வந்தா யார் என்ன பண்ண முடியும்? கடவுள் செயல். ஒண்ணும் திரும்பாது." பத்தில் எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் வாயடைத்து நின்றுவிடுகிறார்கள்.

மூடுபனி, புயல், வேலைநிறுத்தம் மாதிரி கம்பெனியின் கையில் இல்லாத காரணம் என்றால், உங்களுக்கு நேர்ந்த அலைச்சலுக்காகத் தரும் இழப்பீட்டை அவர்கள் தர வேண்டியதில்லை. அது உண்மை. ஆனால் பறக்காத விமானத்துக்கு நீங்கள் கட்டிய டிக்கெட் பணம் உங்களுடையதுதான். பனி அதைத் தின்றுவிட முடியாது. மாற்று விமானமோ முழு ரீஃபண்டோ, இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்கலாம்.

பனியும் இல்லை, புயலும் இல்லை, கம்பெனியின் சொந்தக் காரணத்தால் ரத்து. முன்கூட்டி முறையாகத் தெரிவிக்கவும் இல்லை என்றால் இழப்பீடும் சேரும். பறக்கும் நேரம் 1 மணி நேரத்துக்குள் இருந்தால் 5,000 ரூபாய், 1 முதல் 2 மணி என்றால் 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயணி சரியான தொடர்பு எண் கொடுக்கவில்லை என்றால் இழப்பீடு கிடையாது என்றும் அதே விதி சொல்கிறது. ஏஜென்டுகள் டிக்கெட் போடும்போது வசதிக்காகத் தங்கள் மொபைல் எண்ணையே போட்டுவிடுவது வழக்கம். எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் நடந்தது. சரோஜா அக்கா டிக்கெட்டிலும் தம்பியின் எண்தான் இருந்தது. ரத்து என்ற எஸ்எம்எஸ் முந்தின இரவு 11 மணிக்கு அவருக்குப் போய்விட்டது, அவர் பார்க்கவில்லை. பாவம், அறுபது தாண்டிய இரண்டு பேர் குளிரில் மூன்று மணிக்கு எழுந்து பெட்டியோடு கிளம்பி வந்திருக்கிறார்கள். அதனால் டிக்கெட் கையில் வந்த அன்றே அதில் இருக்கும் பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண்ணை வைத்து விமான கம்பெனியைக் கூப்பிட்டு, உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

தாமதத்துக்கும் விதி உண்டு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்க ஓட்டல் தர வேண்டும். கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதனால் கேளுங்கள்.

விமானம் பறக்கிறது, உங்களுக்கு மட்டும் இடம் இல்லை என்கிறார்கள் என்றால் அது வேறு கதை. இருக்கையை விட அதிகமாக விற்றுவிட்டால், முதலில் தாங்களாக விட்டுக்கொடுக்க யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். அப்படியும் உங்களை நிறுத்தினால், 1 மணி நேரத்துக்குள் வேறு விமானம் ஏற்பாடு செய்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம் சேர்த்து அதில் இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000. அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000. கவுன்டரில் சிலர் இதை 'நீங்கள் தாமதமாக வந்தீர்கள்' என்று எழுதிவிடுவார்கள். அதனால் விமான நிலையத்தில் நுழைந்ததும், கவுன்டர் வரிசையில் நிற்கும்போதும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். என் அக்கா மகனுக்கு அந்தப் போட்டோதான் கைகொடுத்தது.

பணத்தைப் பின்தொடருங்கள்

அக்காவின் 77,000 ரூபாயை ஒரு தாளில் பிரித்து எழுதச் சொன்னேன். போக வர டிக்கெட் தலைக்கு 13,200, ஆக 26,400. மீதி 50,600 ஓட்டல், கார், சாப்பாடு, கயாவில் சாஸ்திரிகள், தம்பியின் லாபம் எல்லாம் சேர்த்து. இந்த இரண்டு தொகையும் இப்போது யார் கையில் இருக்கிறது? முழுப் போராட்டமும் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் டிக்கெட். ஏஜென்ட் மூலமாக வாங்கிய டிக்கெட்டின் ரீஃபண்ட், பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியில்தான் திரும்பும், அதாவது ஏஜென்டின் கணக்குக்கு. பயணியின் கணக்குக்கு நேராக வராது. ஆனால் ரீஃபண்டுக்கு விமான கம்பெனிதான் பொறுப்பு என்று டிஜிசிஏ சொல்கிறது. 2024 தொடக்கத்தில் ஏஜென்ட் வழி டிக்கெட்டுக்கு 30 வேலை நாள் கெடு இருந்தது. கிரெடிட் கார்டில் நேராக எடுத்திருந்தால் 7 நாள்.

தம்பி, பத்து நாள் கழித்தும், இன்னும் வரவில்லை, ஏர்லைன்காரன் இழுக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பி.என்.ஆரை வைத்து விமான கம்பெனியின் கால் சென்டரில் கேட்டேன். ரீஃபண்ட் எந்தத் தேதியில், எவ்வளவு, யாருக்குப் போனது என்று மூன்றே கேள்விகள். ஒன்பதாம் நாளே 26,400 முழுவதும் ஏஜென்டுக்குப் போய்விட்டது என்றார்கள். அதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கினேன். அந்த ஒரு ஈமெயில் வந்ததும் பேச்சே மாறிவிட்டது. ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், அது உங்கள் பி.என்.ஆர்.

போக வர இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்ததால் திரும்பி வரும் டிக்கெட் பணமும் சேர்ந்து வந்தது. தனித்தனி பி.என்.ஆராக இருந்திருந்தால், திரும்பும் விமானம் ரத்தாகவில்லை, நீங்கள்தான் வரவில்லை என்று சொல்லியிருப்பார்கள். பேக்கேஜ் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஓட்டலும் காரும். எல்லாம் முன்பணம் கட்டியாச்சு, ஒரு ரூபாய் திரும்பாது என்றார் தம்பி. சிறிய டூர் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டுவதில்லை என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு இரவு அட்வான்ஸ் கொடுத்து அறையைப் பிடித்து வைப்பார்கள். அதனால் சண்டை போடாமல் அமைதியாக, "தம்பி, நீங்க கட்டின ரசீதைக் காட்டுங்க, அதைக் கழிச்சுக்குவோம்" என்றேன். காசியிலும் கயாவிலும் ஒரு இரவுக்குக் கட்டிய ரசீதுகள் வந்தன, மொத்தம் 6,200 ரூபாய். உண்மையில் அவர் கையை விட்டுப் போன பணம் அவ்வளவுதான்.

கடிதம் எழுதுவது

போனில் பேசியது காற்றோடு போய்விடும். ஈமெயிலில் ஒரு கடிதம், அதன் நகல் வாட்ஸாப்பில், இன்னொன்று பதிவுத் தபாலில். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கோபம், சாபம், மனவருத்தம் எதுவும் அதில் வேண்டாம். அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்ததன் சாரம் இது:

"இன்ன தேதியில் காசி பேக்கேஜுக்காக உங்கள் கம்பெனி கணக்கில் 77,000 ரூபாய் கட்டினோம். விமான கம்பெனி விமானத்தை ரத்து செய்தது. பயணம் நடக்கவில்லை. டிக்கெட் பணம் 26,400 இன்ன தேதியில் உங்களுக்கு வந்துவிட்டதாக விமான கம்பெனி எழுத்தில் தெரிவித்திருக்கிறது, நகல் இணைப்பு. ரத்துத் தகவல் முந்தின இரவே உங்கள் எண்ணுக்கு வந்தும் எங்களுக்குச் சொல்லவில்லை. ரசீது காட்டிய 6,200 போக மீதி 70,800 ரூபாயை 15 நாளுக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் செய்வோம்."

தொகை, தேதி, கெடு மூன்றும் இருக்க வேண்டும். மும்பையில் இதை ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், கேளுங்கள்.

தம்பியிடமிருந்து பதில் வரவில்லை. பதினாறாம் நாள் 1915-க்குப் போன் செய்தோம். இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அரசாங்கத்திடமிருந்து ஒரு கேள்வி வந்ததும் பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தம்பி தலைக்கு 1,500 'சர்வீஸ் சார்ஜ்' கழிப்பேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார், பிறகு அதையும் விட்டுவிட்டார். மூன்று வாரத்தில் 70,800 அக்கா கணக்குக்கு வந்தது.

விமான கம்பெனி மேல்தான் குறை என்றால், முதலில் புகார்களைக் கவனிக்கும் அவர்களுடைய நோடல் அதிகாரி, பிறகு மேல்முறையீட்டு அதிகாரி. இருவருடைய முகவரியும் கம்பெனியின் இணையதளத்தில் இருக்க வேண்டும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா இணையதளம்.

நீங்களே பயணத்தை ரத்து செய்தாலும்

'நான் ரீஃபண்டபிள்' டிக்கெட் என்றால் ஒன்றுமே திரும்பாது என்று நினைத்து நிறையப் பேர் கேட்பதே இல்லை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் கேன்சலேஷன் பிடிக்கக் கூடாது. அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும். ஆளுக்குச் சில நூறு ரூபாயாவது இருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே

பிரிட்டனில் 'அட்டோல்' என்று ஒரு ஏற்பாடு 1973-லிருந்து இருக்கிறது. விமானத்தோடு பேக்கேஜ் விற்கும் கம்பெனி திவாலானால் பயணிகளின் பணத்தையும், வீடு திரும்பும் பயணத்தையும் அது பார்த்துக்கொள்ளும். 2019 செப்டம்பரில் அங்கே தாமஸ் குக் கம்பெனி மூடியபோது சுமார் 1,50,000 பேரை ஊருக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு நிதி இல்லை. டூர் கம்பெனி மூடினால் நாம்தான் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் ஆறு மாதம் முன்னாலேயே முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். அட்வான்ஸ், டிக்கெட் எண் கையில் வந்ததும் ஒரு பங்கு, கிளம்பும் வாரம் மீதி என்று பேசுங்கள். யாரோ ஒருவருடைய சொந்த எண்ணுக்கு யுபிஐ அனுப்பாமல், கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். கிரெடிட் கார்டு என்றால் இன்னும் நல்லது. சேவை கிடைக்காவிட்டால் வங்கியில் முறையிட ஒரு வழி இருக்கிறது.

பேக்கேஜ் விவரம் அச்சடித்த துண்டுக் காகிதத்தில் 'அல்லது அதற்கு இணையான ஓட்டல்' என்று இருக்கும். இணையான ஓட்டல்கள் எவை, இரண்டு பெயர் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். கோயிலிலிருந்து எவ்வளவு தூரம், லிஃப்ட் உண்டா என்பதையும் வாட்ஸாப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள். முழங்கால் வலிக்கும் அம்மாவை மூன்றாவது மாடி ஏற வைத்துவிட்டு, அதுவும் 3 ஸ்டார்தான் என்று சொன்னவர்கள் உண்டு. ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் அந்த இடத்தில் பணம் கட்ட வேண்டாம் என்பது என் முடிவான கருத்து.

கதிர்காமமோ சிங்கப்பூரோ, வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகிறதா என்று பாருங்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம்.

ஆப்பில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கேட்காமலே டிக் செய்யப்பட்ட இன்ஷூரன்ஸ், கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஏறும் கட்டணம், 'இன்னும் 2 இடம்தான்' என்ற பொய் அவசரம், இவை எல்லாம் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்டவை. மொத்தம் 13 வகையைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்கே புகார் செய்யுங்கள்.

ஆணையம் வரை போக வேண்டி வந்தால்

பயப்பட வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். செம்பூர்க்காரர்களுக்குப் பாந்த்ரா கிழக்கில் இருக்கும் மும்பை புறநகர் மாவட்ட ஆணையம். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொளியில் விசாரணைக்கும் வரலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். பேசிப் பேசியே நாள் கடத்துகிறவர்களிடம் இந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள்.

புகார் எழுதத் தெரியவில்லை என்றால், 1966-இல் பெண்கள் சிலர் சேர்ந்து மும்பையில் தொடங்கிய கன்ஸ்யூமர் கைடன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவிடம் கேட்கலாம். மும்பை கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பும் இருக்கிறது. சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, ஆனால் நடைமுறையில் அதிக நாள் ஆகும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். தீர்ப்பு வந்தும் கம்பெனி பணம் தராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்ற மனு போடலாம். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம்.

சரோஜா அக்காவுக்கு அந்த அளவு போக வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் குர்லா டெர்மினஸிலிருந்து காமாயனி எக்ஸ்பிரஸில் காசிக்குப் போய், அங்கிருந்து கயாவுக்கும் போய்ப் பிண்டம் வைத்துவிட்டு வந்தார்கள். டிக்கெட்டை அக்காவே தன் போன் எண்ணைப் போட்டு எடுத்தார்.